சிங்கம் போட்ட நெய்க்கரண்டி

என் சம்சாரம் சௌந்தரநாயகிகிட்ட ஒரு கெட்ட பழக்கம். யார் வீட்டுல சாப்பிட உக்காந்தாலும் முதல்ல கரண்டியைத் திருப்பிப் பார்ப்பா. சோறு அப்புறம்தான். இலை போட்டு, உப்பு வச்சு, பருப்பு வந்திருக்கும். நெய் ஊத்த வர்ற ஆளை நிறுத்தி, "தம்பி, அந்தக் கரண்டியைக் கொஞ்சம் குடுங்க"ன்னு வாங்கி, முந்தானையால துடைச்சு, கவுத்துப் பிடிச்சுக் கண்ணுகிட்டக் கொண்டு போவா. பின்னாடி மொத்தப் பந்தியும் பருப்பைப் பிசைஞ்சு வச்சுக்கிட்டு நெய்க்குக் காத்துக்கிட்டு இருக்கும். பக்கத்து இலைக்காரன் என்னைப் பார்ப்பான். நான் அப்பளத்தைப் பார்ப்பேன். வேற எங்க பார்க்கிறது?

என் பேரு உலகநாதன். பாபநாசத்துல பாத்திர வாடகைக் கடை வச்சிருக்கேன். அண்டாவுலேர்ந்து அப்பளக் கூடை வரைக்கும் எங்கிட்ட உண்டு. விசேஷத்துக்குப் பாத்திரம் தேய்க்க ஆளும் நானே அனுப்புவேன். எனக்கு மூக்கு மேல கோவம்னு ஊர்ல சொல்லுவாங்க. இருபத்தெட்டு வருஷம் இவளோட குடும்பம் நடத்திட்டு அப்புறம் வந்து அவங்க பேசட்டும்.

இவ வேதாரண்யத்துக்காரி. அப்பா கடலுக்குப் போனவரு. ரெண்டு வீட்டு வலை சிக்கிக்கிட்டு வந்தா, மிதவையில வெட்டியிருக்கிற அடையாளத்தைப் பார்த்துத்தான் இது உன்னுது, இது என்னுதுன்னு பிரிப்பாங்களாம். பாவாடை கட்டின வயசுலயே இவதான் பிரிச்சுக் குடுப்பாளாம். அந்தக் கண்ணு அப்படியே இருக்கு. காலும் அப்படியே இருக்கு, ஒரு இடத்துல நிக்காது. டிவியைக்கூட நின்னுக்கிட்டேதான் பார்ப்பா. விளம்பரம் வந்துச்சுன்னா கொல்லைக்குப் போயி ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுவா. பஸ்ஸுல சன்னலோரத்துல உக்கார வச்சா அடுத்த ஸ்டாப்புல எந்திரிச்சு நிப்பா. என்னடின்னு கேட்டா, "இருப்புக் கொள்ளலங்க"ம்பா.

எங்க கடைப் பாத்திரம் எல்லாத்துலயும் உளியால புள்ளி புள்ளியா 'உ.நா.'ன்னு வெட்டியிருப்பேன். பெரிய கல்யாணத்துல மூணு கடைப் பாத்திரம் ஒண்ணாக் கலந்துடும். சாம்பார் காஞ்சுபோன கரண்டியை இவ கட்டைவிரலால ஒரு தடவு தடவி, "நம்மளுது", "நம்மளுது இல்ல"ன்னு தூக்கிப் போட்டுக்கிட்டே போவா. அது வரைக்கும் சந்தோஷமாத்தான் இருந்தேன்.

திருப்பனந்தாள் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த பாத்திரத்துல ஒரு சின்னக் கரண்டி கலந்து வந்துச்சு. அதுலேர்ந்துதான் கெட்டுது. கறுத்துப் போன கரண்டி. திருப்பினா காம்புல வரிசையா பொடிப் பொடியா முத்திரை. நடந்து போற மாதிரி ஒரு சிங்கம், ஒரு சிறுத்தை மூஞ்சி, ஒரு எழுத்து, கடைசியில ரெண்டு எழுத்து. இவ போனை எடுத்து வச்சுக்கிட்டு அதைத் தேட ஆரம்பிச்சா. அன்னைக்கு வீட்டுல ரசம் கிடையாது. சாயங்காலம் வந்து சொன்னா, "என்னங்க, இது லண்டன்ல செஞ்ச வெள்ளி. சிங்கம் இருந்தா சுத்த வெள்ளின்னு அர்த்தம். சிறுத்தைன்னா லண்டன். நங்கூரம்னா பர்மிங்காம். அந்த எழுத்து எந்த வருஷம்னு சொல்லுது. கடைசி ரெண்டு எழுத்து செஞ்ச பட்டறைக்காரன் பேரு." கரண்டியை அந்த வீட்டுல கொண்டுபோய்க் குடுத்தோம். அவங்க அதுல சுண்ணாம்பு அள்ளிக்கிட்டு இருந்தாங்களாம். இவ அழாத குறை.

அதுக்கப்புறம் ஆள் மாறிட்டா. டெல்டாவுல பழைய பண்ணை வீடுகள்ல வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன சாமான் எங்கெங்கயோ கிடக்கு. அது இவ கண்ணுலதான் படும். படட்டும், பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன? இருக்க மாட்டா. வெறும் முலாம்னா அதுல நாலு இங்கிலீஷ் எழுத்து அடிச்சிருப்பானாம். ஒரு நிச்சயதார்த்தத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பெருமையா எடுத்து வச்ச தட்டைத் திருப்பிட்டு, "இது வெள்ளி இல்லீங்க, முலாம்"னு சொல்லிட்டா. சபையில! சம்பந்தி தட்டைத் திருப்பிப் பார்க்கிறதே மரியாதை இல்ல, இதுல தீர்ப்பு வேற. என் மானம் கப்பலேறிப் போச்சு. "ஏண்டி இப்படி?"ன்னு கேட்டா, "இருக்கிறதைத்தானே சொன்னேன்"கிறா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க ஊருக்கு மேக்கே ஒரு கிராமத்துல ஒரு பண்ணை வீடு. பெரியவங்க எல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க. பேரன் அரவிந்தன் சென்னையில இருக்காரு. தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளைக்குக் காதுகுத்து வச்சு ஊரைக் கூப்பிட்டாரு. பாத்திரம் நம்ம கடை. தேய்க்கிற ஆளுங்களுக்குத் தலைவி கண்ணாத்தாள்.

கண்ணாத்தாளைப் பத்திச் சொல்லணும். கடை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எங்களோட இருக்காங்க. எங்க ரெண்டு பேருக்கும் மூத்தவங்க. என்னைத் தம்பின்னும் இவளைத் தங்கச்சின்னும்தான் கூப்பிடுவாங்க. அவங்க ஆத்தா காலமெல்லாம் அந்தப் பண்ணையில நடவு நட்டு, கதிர் அறுத்தவங்க. இப்ப கண்ணாத்தாளுக்குச் சொந்தமா மாடி வீடு இருக்கு. மக செம்மொழி தஞ்சாவூர்ல நர்ஸு. "இன்னும் எதுக்கும்மா ஊர் எச்சில் பாத்திரம்?"னு திட்டும். "உன் கை ஊசி போடாம இருக்குமா? என் கையும் அப்படித்தான்"னு சொல்லிட்டு வந்துடுவாங்க.

காதுகுத்துப் பந்தியில நெய் ஊத்த அந்த வீட்டுக் கரண்டியையே எடுத்துக் குடுத்திருந்தாங்க. இவ திருப்பினா. "சிங்கம்! நங்கூரம்! ராணி தலை!" அரவிந்தன் கையைக் கழுவிக்கிட்டு இருந்தாரு, அங்கயே போயிட்டா. "சார், இது பர்மிங்காம் வெள்ளி. ராணி தலை போட்டிருந்தா நூத்தம்பது வருஷம் இருக்கும். இது மாதிரி எத்தனை சார் வச்சிருக்கீங்க?" அவருக்கு ஆச்சரியம். அது வரைக்கும் அந்தக் கரண்டியெல்லாம் ஊறுகாய் ஜாடி பக்கத்துல ஒரு துணிப்பையில கிடந்துச்சு. "அப்பா டஜன் கரண்டின்னு சொல்லுவாரு. பன்னெண்டு இருக்கணும்"னாரு. இவ போன்ல ரெண்டு மூணு போட்டோ எடுத்துக்கிட்டு, வாயெல்லாம் பல்லா வந்து உக்காந்தா.

பாத்திரம் எல்லாம் வண்டியில ஏறினப்புறம் அரவிந்தன் உக்காந்து கரண்டியை எண்ணியிருக்காரு. பதினொண்ணு.

மறுநாள் போன் வந்துச்சு. "அண்ணே, ஒரு வெள்ளிக் கரண்டி குறையுது. தேய்க்கிற இடத்துல உங்க ஆளுங்க கைக்குத்தானே வந்துச்சு. கொஞ்சம் விசாரிங்க." எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "சார், எங்க ஆளுங்க கை வைக்க மாட்டாங்க. இதுக்கு முன்னாடி என்னைக்காவது எண்ணியிருக்கீங்களா?"ன்னு கேட்டேன். "அப்பா பன்னெண்டுன்னு சொல்லியிருக்காரு"னு அதையே சொன்னாரு. போனை வச்சுட்டு இவளைப் பார்த்தேன். இவ காயப் போட்ட துணியையே திரும்பக் காயப் போட்டுக்கிட்டு இருந்தா. "உன் வாயாலதான்டி இத்தனையும்"னு சொன்னேன்.

தேய்க்கிற பொம்பளைங்க அஞ்சு பேர்கிட்டயும் கேட்டேன். எல்லாருக்கும் மூஞ்சி சுருங்கிப் போச்சு. அதுல ஒருத்தி சின்னப் பொண்ணு, கல்யாணம் பேசிக்கிட்டு இருக்காங்க. அது அழவே ஆரம்பிச்சுடுச்சு. கண்ணாத்தாள் மட்டும் எந்திரிச்சுப் போனாங்க.

வியாழக்கிழமை காலையில கடைக்கு வந்து, "தம்பி, தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வா. பண்ணை வீடு வரைக்கும் போவோம். அந்தக் கரண்டி எங்கிட்ட இருக்கு"ன்னாங்க.

"என்னக்கா சொல்றீங்க?"ன்னா, "வா, அங்க சொல்றேன். ஒரு தடவைதான் சொல்ல முடியும்"னு நடந்துட்டாங்க.

பண்ணை வீட்டுக் கூடத்துல அரவிந்தனும் அவரு சம்சாரம் ஜீவிதாவும் இருந்தாங்க. கண்ணாத்தாள் மடியிலேர்ந்து ஒரு பழந்துணி முடிச்சை எடுத்துப் பிரிச்சு மேசை மேல வச்சாங்க. கன்னங்கரேல்னு ஒரு கரண்டி. அரவிந்தன் அதைக் கையில எடுத்துப் பார்த்தாரு. முகம் மாறிப் போச்சு. "கரியைப் பூசி வச்சிருக்கீங்களா?"ன்னாரு. அப்புறம் சௌந்தரநாயகி பக்கம் நீட்டி, "நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட். பார்த்துச் சொல்லுங்க. எங்க வீட்டுதா?"ன்னாரு.

இவளுக்கு அந்த நேரத்துல என்ன தோணியிருக்கணும்? ஒண்ணும் தோணல. கரண்டி கைக்கு வந்ததும் உலகமே மறந்து போச்சு. முந்தானையில அழுத்தித் துடைச்சா, திருப்பினா, மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சு. "அதே சிங்கம், அதே நங்கூரம், அதே ராணி, அதே பட்டறைக்காரன் எழுத்து! இந்தச் செட்டுதாங்க! பன்னெண்டும் சரியாப் போச்சு!"

சொல்லி முடிச்சப்புறம்தான் கூடத்துல சத்தமே இல்லைன்னு இவளுக்கு உறைச்சுது. நான் இவ கையைப் பிடிச்சேன். ஆனா சொன்னது சொன்னதுதானே?

"கேட்டீங்கள்ல? பன்னெண்டும் சரியாப் போச்சு"ன்னாரு அரவிந்தன்.

கண்ணாத்தாள் நின்ன இடத்துலயே நின்னு சொன்னாங்க. "இது உங்க வீட்டுதுதான் தம்பி. ஆனா இப்ப எடுத்தது இல்ல. நான் பிறந்தது உங்க களத்துல. தாளடி அறுப்பு. ஆத்தா கட்டுக் கட்டிக்கிட்டு இருக்கும்போதே வலி எடுத்து, வைக்கப்போர் மறைவுல பெத்துருச்சு. நான் அழவே இல்லியாம். செத்துப் பிறந்ததுன்னே நினைச்சாங்களாம். உங்க அப்பாவைப் பெத்த அப்பாயி களத்துல நின்னவங்க பதறிப் போயி, வீட்டுலேர்ந்து சர்க்கரைத் தண்ணி கொண்டாரச் சொல்லி, இந்தக் கரண்டியால அவங்களே என் வாயில சேனை வச்சாங்களாம். அப்புறம்தான் நான் அழுதேனாம். நல்ல மனசு, இல்லைன்னு சொல்லல. ஆனா ஆத்தா கரண்டியைக் கழுவிக் கொண்டாந்து குடுத்தப்ப வாங்கல. எங்க புள்ளை வாயில பட்டது உங்க வீட்டுக்குள்ள வரக்கூடாது பாருங்க. 'நீயே வச்சுக்க'ன்னு சொல்லிட்டாங்களாம். ஆத்தா இதைத் துணியில சுத்தி அரிசிப் பானைக்கு அடியில போட்டு வச்சுது. வெளிய எடுத்தா திருடினதுன்னு சொல்லுவாங்கன்னு பயம். ஒரு நாள்கூட எடுத்துத் தேய்ச்சது இல்ல. நானும் அப்படியே வச்சிருந்தேன். ஒரு கரண்டி குறையுதுன்னு நீங்க சொன்னதும், அந்தச் சின்னப் பொண்ணு அழுதுச்சு. குறையுறது இதுதான், வேற யாரும் எடுக்கலைன்னு சொல்லத்தான் வந்தேன்."

அரவிந்தன் மோசமானவரு இல்ல. கத்தல, கை நீட்டல. மெதுவாத்தான் பேசினாரு, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு. "எங்க அப்பாயி அப்படியெல்லாம் பார்க்கிறவங்க இல்லம்மா. செத்துப் போனவங்க மேல பழி போடாதீங்க. எடுத்துட்டேன், தெரியாமப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நானும் இதை இத்தோட விட்டுடுறேன்."

"எடுக்கலியே தம்பி."

"அப்ப நாளைக்குக் காலையில ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க."

கரண்டியை அவரே வச்சுக்கிட்டாரு. வாசல்ல செருப்பைப் போடும்போது கண்ணாத்தாள் இவளைத் திரும்பிப் பார்த்தாங்க. "இத்தனை வருஷமா கரண்டி கரண்டியா திருப்பிப் பார்த்தது இதுக்குத்தானா தங்கச்சி?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்தோம். இவ படுற பாட்டை எங்கன்னு சொல்றது? வாசலுக்குப் போவா, கொல்லைக்குப் போவா. அரிசியைக் களைஞ்சு உலையில போட மறந்துட்டு, வேற அரிசி எடுத்துக் களைவா. செம்மொழிக்குப் போன் போட்டா, அது எடுக்கல. மறுபடி போட்டா, கட் பண்ணிட்டுது. "என்னங்க, அந்தப் பொண்ணு வேலைக்கு ஏதாவது வந்துடுமா? போலீஸ் கேஸுன்னா ஆஸ்பத்திரியில கேப்பாங்களா?"ன்னா. நான் என்ன சொல்ல? "கடவுள் உனக்கு எதுக்குடி ரெண்டு கண்ணைக் குடுத்தான், ஒரு வாயைக் குடுத்தான்?"னு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். பேசிட்டு எனக்கே தாங்கல. போயி ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து குடுத்தேன். குடிக்கல.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்க வீட்டுல வியாழக்கிழமை சாயங்காலமே விளக்கு தேய்ச்சு வச்சிடணும். அந்த நிலைமையிலயும் இவ கை அதைத் தேடிப் போச்சு. எங்க கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் காமாட்சி விளக்கு. திருநீறை ஈரத்துணியில தொட்டு, சரக் சரக்குனு தேய்ச்சுக்கிட்டு இருந்தா. திடீர்னு சத்தம் நின்னு போச்சு.

"என்னங்க, இங்க வாங்க."

போனேன். விளக்கை மூஞ்சிகிட்ட நீட்டினா. "காமாட்சிக்கு ரெண்டு பக்கமும் யானை இருந்துச்சே, தும்பிக்கை எங்கங்க?"

"நீ தேய்ச்ச தேய்ப்புல தேஞ்சு போயிருக்கும்."

விளக்கைக் கவுத்தா. அடியில கும்பகோணத்துப் பட்டறைக்காரன் அடிச்ச முத்திரை. அடிப்பக்கத்தை யார் தேய்க்கிறா? நேத்து அடிச்ச மாதிரி பளிச்சுனு இருந்துச்சு.

இவ எந்திரிச்ச வேகத்துல திருநீறு சிதறிப் போச்சு. போனை எடுத்தா. காதுகுத்துல எடுத்த போட்டோவைப் பெருசு பண்ணினா. "பாருங்க, இது அவங்க வீட்டுக் கரண்டி. சிங்கத்துக்குப் பிடரி இருக்கா? காலு இருக்கா? வெல்லக்கட்டி மாதிரி வழவழன்னு கிடக்கு. நான் அன்னைக்குப் பழகின கண்ணால சிங்கம்னு சொன்னேன். கண்ணாத்தாக்கா கரண்டியில நான் துடைச்சதும் என்ன பார்த்தேன் தெரியுமா? நகம், வாலு, பிடரிமயிர், அத்தனையும் பார்த்தேன். பார்த்துட்டு அதே சிங்கம்னு சொன்னேனே! நான் மனுஷியா? வண்டியை எடுங்க."

"இப்பவா?"

"இப்பதான்!"

எங்கிட்ட ஒரு டிவிஎஸ் ஃபிப்டி. அது ஓடுற வேகத்துக்கு இவ பின்னாடி உக்காந்துக்கிட்டு என் தோளை அமுக்கிக்கிட்டே வந்தா, அமுக்கினா வேகமாப் போகும்கிற மாதிரி. வழியில அறுப்பு மெஷின் ஒண்ணு ரோட்டை அடைச்சுக்கிட்டுப் போகுது. ஒரு பக்கம் வாய்க்கா, இன்னொரு பக்கம் ரோட்டுலயே காயப் போட்ட நெல்லு. ஒதுங்க இடம் இல்ல. "ஹாரன் அடிங்க, ஹாரன் அடிங்க"ங்கிறா. ஹாரன் வேலை செய்யலைன்னு சொன்னதும் இறங்கி நடக்கவே ஆரம்பிச்சுட்டா. மெஷினைத் தாண்டி வரப்புல ஏறி, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போறா. நான் அவளைப் பிடிக்கும்போது பண்ணை வீடே வந்துடுச்சு.

விளக்கு வைக்கிற நேரம். அரவிந்தன் எங்களைப் பார்த்து, "ஒத்துக்கிட்டாங்களா?"ன்னாரு.

"சார், பன்னெண்டையும் கொண்டாங்க. கவுத்து வையுங்க"ன்னா இவ. உக்காருங்கன்னு சொன்னதைக் காதுலயே வாங்கல.

ஜீவிதா கொண்டாந்து ட்யூப்லைட்டுக்கு அடியில வரிசையா கவுத்து வச்சுது. இவ அரவிந்தன்கிட்ட, "கண்ணால பார்க்க வேணாம், அது என்னைய ஏமாத்தின மாதிரி உங்களையும் ஏமாத்தும். நகத்தால தடவுங்க"ன்னா. அவரு என்னமோன்னு தடவினாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, பதினொண்ணுலயும் நகம் வழுக்கிக்கிட்டே போச்சு. கடைசியா அந்தக் கறுப்புக் கரண்டி. நகம் டக்குனு மாட்டிச்சு.

"ஒரே பட்டறை, ஒரே வருஷம், ஒரே நாள் அடிச்ச முத்திரை சார். பதினொண்ணு இப்படித் தேஞ்சிருக்கு, ஒண்ணு மட்டும் ஏன் தேயல?"

ஜீவிதாதான் சொல்லிச்சு, "பொங்கலுக்குப் பொங்கல் திருநீறு போட்டுத் தேய்ப்போம். மத்த விசேஷத்துக்கும் தேய்ப்போம். எங்க மாமியாரும் அப்படித்தான் செஞ்சாங்க."

"இது அந்தத் தேய்ப்புக்கே வரல சார். இந்த வீட்டுத் திருநீறு இது மேல பட்டு அறுபது வருஷம் ஆச்சு. கண்ணாத்தாக்கா வயசு. போன ஞாயித்துக்கிழமை இங்கேர்ந்து போயிருந்தா இதுவும் வழவழன்னுதான் இருக்கணும்."

அரவிந்தன் கொஞ்ச நேரம் அந்த ஒரு கரண்டியையே தடவிக்கிட்டு இருந்தாரு. ஆனா மனுஷன் சட்டுனு தோக்க மாட்டான் பாருங்க. "இப்ப எடுக்கலைன்னே வச்சுக்குவோம். அப்ப எடுத்திருக்கலாமே? அவங்க அம்மா இங்கதானே வேலை பார்த்தாங்க?"ன்னாரு.

அதுக்கு மேல என்னால முடியல. "சார், அவங்க ஆத்தா களத்துல வேலை பார்த்துச்சு, மாட்டுக் கொட்டகையில வேலை பார்த்துச்சு. வெள்ளிக் கரண்டி எங்க இருந்துச்சு? சமையக்கட்டுலயா, பூஜை அறையிலயா? அது வரைக்கும் அவங்களை எந்தக் காலத்துல சார் உள்ள விட்டீங்க? திருடுறதுக்காவது உள்ள விட்டிருக்கணும்ல?"னு கத்தியே கேட்டுட்டேன்.

அரவிந்தன் மேசை ஓரத்துல உக்காந்தாரு. "எங்க அப்பாயிக்குத் தனிச் சொம்பு. எங்களையே தொட விட மாட்டாங்க"ன்னு மெதுவாச் சொன்னாரு. யாரையும் பார்த்துச் சொல்லல. அப்புறம், "அவங்க வீடு எங்க இருக்கு?"ன்னு கேட்டாரு.

காலையில ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய நேரத்துல கண்ணாத்தாள் வீட்டு வாசல்ல எல்லாரும் நின்னோம். செம்மொழி ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சு வந்திருந்துச்சு. எங்களை முறைச்சுக்கிட்டு நின்னுச்சு, வாங்கன்னு சொல்லல. அது நியாயம்தான். ஜீவிதா உள்ள போயி கண்ணாத்தாள் கையைப் பிடிச்சுக்கிட்டு, "தப்பு எங்க மேலம்மா, மன்னிச்சுக்கங்க"ன்னுச்சு. அரவிந்தன் கரண்டியை நீட்டி, "இதை நீங்களே வச்சுக்கங்கம்மா"ன்னாரு.

கண்ணாத்தாள் வாங்கல. "உங்க அப்பாயியும் இதேதான் சொல்லிச்சு. நீயே வச்சுக்கன்னு. அவங்களுக்கு வேண்டாததைத்தான் குடுத்தாங்க. நீங்க எதுக்குக் குடுக்கிறீங்க?"

அவரு தலை தொங்கிப் போச்சு. கடைசியில, "நான் குடுக்கலம்மா. உங்களுது. நேத்து உங்ககிட்டேர்ந்து நான்தான் எடுத்துக்கிட்டேன்"னாரு. அப்புறம்தான் கண்ணாத்தாள் கையை நீட்டினாங்க.

வாங்கினதும் என் பக்கம் திரும்பினாங்க. "தம்பி, பேர் வெட்டுற உளி வச்சிருக்கியா?"

வண்டிப் பெட்டியில எப்பவும் கிடக்கும். எடுத்தேன்.

"இதுல என் பேரை வெட்டிக் குடு. முழுசா வெட்டு."

"எங்கக்கா வெட்டணும்? முன்பக்கம் நல்லா இடம் இருக்கு"ன்னேன்.

"பின்னாடி, அந்தச் சிங்கத்து மேலயே வெட்டு."

நான் நாயகியைப் பார்த்தேன். இவளுக்கு முகம் செத்துப் போச்சு. இத்தனை வருஷம் இவ திருப்பிப் பார்த்ததுல இவ்வளவு சுத்தமான முத்திரை எங்கயும் பார்த்தது இல்ல. அறுபது வருஷம் பானை அடியில தேயாம இருந்த சிங்கம். "அக்கா, அது மேல வெட்டினா முத்திரை போயிடும். எந்த ஊரு, எந்த வருஷம்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது"ன்னா.

"அந்தச் சிங்கம் எனக்கு சாட்சி சொல்லிச்சு, நீ சொல்ல வச்சே. மறக்க மாட்டேன் தங்கச்சி. ஆனா முதல்ல அது என் மேலதானே பாஞ்சுது? நாளைக்கு என் மக வீட்டுல எவனாவது வந்து இதைத் திருப்பிப் பார்ப்பான். வெள்ளைக்காரன் சிங்கத்தைப் பார்த்துட்டு, உங்களுக்கு ஏதுன்னு கேப்பான். கேக்கக்கூடாது. திருப்பினா என் பேருதான் இருக்கணும்."

இவ கண்ணாத்தாள் வீட்டு அம்மிக்கல்லு மேல துணியை மடிச்சுப் போட்டா, கரண்டியைக் கவுத்து வச்சா, ஆடாம இருக்க ரெண்டு கட்டைவிரலாலயும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டா. எப்பவும் துடிச்சுக்கிட்டே இருக்கிற கை, அன்னைக்கு அசையல. "வெட்டுங்க"ன்னா.

பொடி எழுத்தாப் புள்ளி புள்ளியா வெட்டினேன். முதல் எழுத்துல நங்கூரம் போச்சு. அடுத்ததுல ராணி தலை போச்சு. பட்டறைக்காரன் பேரும் போச்சு. கடைசியில 'ள்'ளுக்கு வைக்கிற புள்ளி சிங்கத்தோட தலை மேல விழுந்துச்சு. உளியை எடுத்துட்டு இவளைப் பார்த்தேன், கண்ணு ரொம்பி நின்னுச்சு. கரண்டியை முந்தானையால துடைச்சா, பழக்கம் விடுமா, திருப்பிக் கண்ணுகிட்டக் கொண்டு போனா.

"கண்ணாத்தாள்"னு சத்தமாப் படிச்சுட்டு, அவங்க கையில குடுத்தா.